மீன் சாப்பிட்டா கடிக்குது எண்டா எந்த மீன்? பார்வால்புமின் எண்ட கல்சியப் புரதத்தின் கதை

திருகோணமலையில இருந்துகொண்டு "எனக்கு மீன் ஒத்துக்காது" எண்டு சொல்லுற ஆளுக்கு ஒரு வீட்டுலயும் நிம்மதியா சாப்பிட ஏலாது. திருக்கடலூர், சல்லி பக்கம் கரைவலையில ஏறுறது, கொட்பே துறைமுகத்துல ஆழ்கடல் போட்ல இருந்து இறங்குறது எண்டு எல்லா நாளும் எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு மீன் வந்துகொண்டேதான் இருக்கும், மீன் வாங்காத நாள்லயும் சம்பல்ல மாசி இருக்கும். அப்பிடியான இடத்துல ஒருத்தருக்கு மீன் திண்டவுடன உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிச்சு அரிச்சா (அதைத்தான் நாங்க கடிக்குது எண்டு சொல்லுறது), பெரியவங்க சொல்லுற விளக்கம் ஒண்டுதான்: கிரந்திச் சாப்பாடு, அதாவது உடம்புல கடியைக் கிளப்புற சாப்பாடு. சூரை கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கொஞ்ச நாளைக்கு விடு, பிறகு பாப்பம்.

இந்தப் பேச்சு முழுசா பிழை எண்டு நான் சொல்ல வரல. ஆனா ஒரே பேருக்குள்ள குறைஞ்சது மூண்டு வேற வேற விசயம் கலந்து கிடக்கு, அதுல ரெண்டு உயிருக்கே ஆபத்தாகலாம், மற்றது பல நேரத்துல சில மணித்தியாலத்துல தானா அடங்குறது. எது எது எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்கு எந்த மீனைச் சாப்பிட்டீங்க எண்ட கேள்வியே பாதி விடை. அது ஏன் எண்டு விளங்கணும் எண்டா மீனோட சதைக்குள்ள இருக்கிற பார்வால்புமின் எண்ட சின்னப் புரதத்துல இருந்து தொடங்கணும்.

முதல்ல கல்சியம். கல்சியம் எண்டவுடன பாலும் எலும்பும்தான் ஞாபகம் வரும், ஆனா உடம்புல கல்சியத்துக்கு இன்னொரு வேலை இருக்கு, அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம், அது சிக்னல் வேலை. ஒரு கலத்துக்கு வெளிய இருக்கிற கல்சியத்தோட பாக்கிறப்ப உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட பத்தாயிரத்துல ஒரு பங்குதான். கலம் பாடுபட்டு கல்சியத்தை வெளியேயும் தனிப் பைக்குள்ளயும் தள்ளி வச்சிருக்கிறதே, பிறகு ஒரு நொடியில திறந்து விட்டா அது "இப்ப வேலை செய்" எண்ட கட்டளையா இருக்கும் எண்டதுக்காகத்தான். தசைக்கு நரம்புல இருந்து கட்டளை வந்தா பைக்குள்ள இருந்து கல்சியம் கொட்டும், அது ட்ரோப்போனின் சி எண்ட புரதத்துல போய் ஒட்டும், தசை சுருங்கும். (நெஞ்சு நோவுக்கு ஆஸ்பத்திரியில ட்ரோப்போனின் டெஸ்ட் எடுக்கிறாங்களே, அது இதே கூட்டத்துல உள்ள ஐ இல்லாட்டி டி எண்ட மற்றப் புரதங்களை இரத்தத்துல தேடுறது.)

சுருங்கினது சரி, திரும்ப தளரணுமே. தளர்றதுக்கு அந்தக் கல்சியத்தை உடனே அகற்றணும். அதைத் திரும்பப் பைக்குள்ள இழுக்கிற பம்ப் ஒண்டு இருக்கு, ஆனா அது கொஞ்சம் ஆறுதலாத்தான் வேலை செய்யும். கடலுக்குள்ள ஒரு பாரை மீன் எதையாவது துரத்திக்கொண்டு போறதை நினைச்சுப் பாருங்க, வாலை இடமும் வலமும் அடிக்கிற வேகத்துக்கு ஒவ்வொரு தரமும் தசை சுருங்கி முழுசா தளர்ந்தாத்தான் அடுத்த அடி வரும். பம்பை மட்டும் நம்பினா மீன் விறைச்சுப் போய் நிக்கும். பார்வால்புமின் வாறது இந்த இடத்துலதான், சிந்தின கல்சியத்தை அந்தக் கணத்துல பிடிச்சு வச்சுக்கொண்டு தசையைத் தளர விடும், பிறகு பம்ப் ஆறுதலா வந்து எடுத்துக்கொள்ளும்.

இதுல நான் மிகவும் ரசிக்கிற நுணுக்கம் ஒண்டு இருக்கு. பார்வால்புமின் எப்பவும் வெறும் கையோட காத்திருக்கிற புரதம் எண்டா கல்சியம் கொட்டின உடனேயே அதைப் பிடுங்கிக்கொள்ளும், தசை சுருங்கவே மாட்டுது. அப்பிடி நடக்காததுக்குக் காரணம் மக்னீசியம். தசை ஓய்வா இருக்கிற நேரம் பார்வால்புமின்ல கல்சியம் இருக்க வேண்டிய இடத்துல மக்னீசியம் இருக்கும். அது கழண்டு போனாத்தான் கல்சியம் ஒட்டலாம், கழறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், அந்தச் சின்னத் தாமதத்துக்குள்ள ட்ரோப்போனின் தன்ட வேலையை முடிச்சிடும். கணக்கு அவ்வளவு சரியா இருக்கு. அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில சிப்பித் தேரை மீன் எண்டு ஒண்டு இருக்கு, ஆண் மீன் பெண்ணைக் கூப்பிடுறதுக்கு வயித்துக்குள்ள உள்ள காத்துப்பையைத் தசையால அதிர வச்சு ஊதல் மாதிரி சத்தம் போடும், அந்தத் தசை ஒரு செக்கனுக்கு நூறு தரத்துக்கு மேல சுருங்கித் தளரும். அதுக்குள்ள பார்வால்புமின் குவிஞ்சு கிடக்கு.

புரதம் எப்பிடிக் கல்சியத்தைப் பிடிக்குது எண்டதையும் சொல்லணும், ஏனெண்டா அலர்ஜியோட முடிச்சு அதுலதான் இருக்கு. 1973ல அமெரிக்காவுல கிரெட்சிங்கரும் நொக்கோல்ட்ஸும் கெண்டை மீன் பார்வால்புமினோட வடிவத்தைப் படிகத்துல இருந்து கண்டுபிடிச்சு எழுதினாங்க. ரெண்டு சுருள், நடுவுல ஒரு வளையம், வளையத்துக்குள்ள கல்சியம். வலது கையில சுட்டுவிரலையும் பெருவிரலையும் விரிச்சு மத்த விரலை மடக்கினா வாற வடிவம்தான் அது, அந்தச் சுருளுகளுக்கு ஈ, எஃப் எண்டு அடையாளம் போட்டிருந்ததால ஈஎஃப் கை எண்டு பேர் வந்திச்சு. பிறகு தேடினா ட்ரோப்போனின் சி, கல்மொடுலின் எண்டு கல்சியத்தோட வேலை செய்யுற எக்கச்சக்கமான புரதத்துல அதே கை இருக்கு. பார்வால்புமின்ல மூண்டு கை, ரெண்டுதான் கல்சியம் பிடிக்கும். மொத்தமே நூத்திப் பத்துக்குக் கிட்ட அமினோ அமிலம்தான், புரதம் எண்ட அளவுல பொடிசு. ஆனா கல்சியம் உள்ள இருக்கிற வரைக்கும் அது இறுக்கமா மடிஞ்சு கட்டியா இருக்கும், சூட்டுக்கும் லேசுல குலையாது.

குலையாத புரதம் அலர்ஜிக்காரருக்குத் தலைவலி. பெரும்பாலான சாப்பாட்டுப் புரதம் அடுப்புலயே உருக்குலைஞ்சு போகும், மிச்சம் வயித்து அமிலத்துல துண்டாகும். பார்வால்புமின் கொதிக்கிற குழம்புலயும் தன்ட உருவத்தைப் பெருமளவு காப்பாத்திக்கொள்ளும், ஆறினாத் திரும்பவும் மடிஞ்சுகொள்ளும். "நல்லா வேக வச்சாச்சு, பயப்படாமச் சாப்பிடு" எண்டு சொல்லுற எல்லாருக்கும் இதைத்தான் சொல்லணும்.

மீன் அலர்ஜிக்கு அறிவியல் வரலாறுலயும் ஒரு தனி இடம் இருக்கு. 1921ல ஜேர்மனியில கியூஸ்ட்னர் எண்ட டொக்டருக்கு மீன் சாப்பிட்டா உடம்பு தடிக்கும். அவரோட கூட வேலை செய்த பிரவுஸ்னிட்ஸ் அவருடைய இரத்தத்துல இருந்து எடுத்த சீரத்தைத் தன்ட தோலுக்குள்ள ஊசியால ஏத்திக்கொண்டார், அடுத்த நாள் அதே இடத்துல மீன் சாரத்தையும் ஏத்தினார், அந்த இடம் மட்டும் சிவந்து தடிச்சுது. மீனோட எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு ஆள் இன்னொருத்தருடைய அலர்ஜியைக் கடனா வாங்கினார் எண்டு வையுங்க. இரத்தத்துல ஏதோ ஒண்டு அலர்ஜியைக் காவுது எண்டு நிரூபணமாச்சு, ஆனா அது என்ன எண்டு பிடிபட இன்னும் நாப்பது வருசத்துக்கு மேல போச்சு. 1960கள்ல இஷிசாகா தம்பதியும் சுவீடன்ல ஜோஹான்சன், பென்னிக் ரெண்டு பேரும் தனித்தனியாக் கண்டுபிடிச்ச அதைத்தான் இப்ப ஐஜிஈ எண்டு சொல்லுறம், அலர்ஜி தாற பொருள்ல போய் ஒட்டுற பிறபொருளெதிரி அது. 1970கள்ல நோர்வேயில கொட் மீனைப் பிரிச்சுப் பிரிச்சுத் தேடி அலர்ஜி தாற புரதத்தைப் பிடிச்சாங்க, அது பார்வால்புமின். மீன் அலர்ஜி உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுடைய ஐஜிஈ இந்த ஒரு புரதத்துலதான் ஒட்டும். முள்ளு மீன் எல்லாத்துலயும் இது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதால விளமீன் ஒத்துக்காத ஆளுக்குப் பாரையும் கொடுவாவும் ஒத்துக்காமப் போக நிறைய வாய்ப்பு இருக்கு. ஒரே ஒரு மீன் மட்டும் ஒத்துக்காத ஆக்களும் இருக்காங்க, அது குறைவு.

இப்ப சந்தையில மீன் வெட்டுறதைக் கிட்ட நிண்டு பாருங்க. பாரையை வெட்டினா துண்டு முழுக்க வெள்ளைச் சதை. சூரையை வெட்டினா துண்டே சிவப்பு, நடு முள்ளுக்குப் பக்கத்துல கறுப்புச் சிவப்பா ஒரு பட்டை தனியா இருக்கும், பூனைக்குப் போடுற துண்டு எண்டு சில பேர் அதைச் சீவி எறிவாங்க. வெள்ளைச் சதை திடீர்ப் பாய்ச்சலுக்கு, கறுப்புச் சதை நாள் முழுக்க நீந்துறதுக்கு. பார்வால்புமின் தேவைப்படுறது பாய்ச்சலுக்குத்தான், அதனால வெள்ளைச் சதையில அது கூட, கறுப்புல மிகக் குறைவு. சூரை, கெலவல்லா, தளப்பத்து மாதிரி ஓயாம நீந்துற மீன்கள்ல மொத்தத்துலயே குறைவு. மீன் அலர்ஜி உள்ள சில பேர் ரின் சூரை மீனைப் பிரச்சினை இல்லாமச் சாப்பிடுறதுக்கு இது ஒரு காரணம், ரின்னுக்குள்ள அழுத்தத்தோட நெடுநேரம் வேகுறது இன்னொரு காரணம். எல்லாருக்கும் அப்பிடி இல்ல, வீட்டுல பரிசோதிச்சுப் பாக்கிற விசயமும் இல்ல.

ஆனா இங்க ஒரு முரண் இருக்கு பாருங்க. எங்கட ஊர்ல கிரந்தி எண்டு அதிகமாப் பழி கேக்கிறதே சூரைதான். பார்வால்புமின் கணக்குப்படி அது கடைசியா நிக்க வேண்டிய மீன். அப்ப சூரை திண்டா ஏன் கடிக்குது? அது வேற ஆள், ஹிஸ்டமின். சூரை மாதிரி மீனோட சதையில ஹிஸ்டிடின் எண்ட அமினோ அமிலம் நிறைய இருக்கு, பிடிச்ச மீனை ஐஸ் காணாம வெயில்ல போட்டு வச்சா கிருமிகள் அதை ஹிஸ்டமினா மாத்தும். அலர்ஜியில எங்கட உடம்பே வெளிய விடுற அதே பொருளை இங்க மீன் தயார் நிலையில கொண்டு வருது. முகம் சிவக்கும், தலையிடி, படபடப்பு, வாயில மிளகுக் காரம் மாதிரி ஒரு உறைப்பு, சில நேரம் வயித்தோட்டம். சமைச்சா ஹிஸ்டமின் அழியாது, மணத்துலயும் எப்பவும் தெரியாது. இது நஞ்சாதல், அலர்ஜி இல்ல, அண்டைக்கு அந்த மீன் பழுது எண்டதுதான் காரணம், நாளைக்கு நல்ல சூரை வாங்கினா அதே ஆள் சாப்பிடலாம்.

பிரிச்சுப் பாக்க ரெண்டு கேள்வி காணும். ஒரே சட்டியில சாப்பிட்ட மற்ற ஆக்களுக்கும் வந்துதா? சூரையில மட்டுமா, இல்லாட்டிப் பாரை, விளமீன், கொடுவாவுலயும் வருதா? சட்டியில சாப்பிட்ட மூண்டு பேருக்கும் முகம் சிவந்துது, மீன் சூரை எண்டா ஹிஸ்டமின் பக்கம்தான் கை நீளும். வீட்டுல ஒரு பிள்ளைக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு தரமும், வெள்ளைச் சதை மீன்லதான் கூடுதலா எண்டா பார்வால்புமினைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இதை வச்சு நீங்களே முடிவு எடுக்கச் சொல்லல, டொக்டரிட்டப் போறப்ப இந்த ரெண்டு விவரத்தையும் சரியாச் சொன்னா அவருக்குப் பாதி வேலை முடிஞ்சுது. "மீன் சாப்பிட்டன் டொக்டர், கடிச்சுது" எண்டு மட்டும் சொன்னா அவர் என்ன செய்வார் பாவம்.

இறால் நண்டு கதை மூண்டாவது. அங்க முக்கியக் குற்றவாளி ட்ரோப்போமயோசின் எண்ட வேற தசைப் புரதம், கல்சியம் பிடிக்கிறது இல்ல. (இறால்லயும் கல்சியம் பிடிக்கிற அலர்ஜிப் புரதம் ஒண்டு இருக்கு, ஆனா அது பார்வால்புமின் இல்ல.) அதனால நண்டு ஒத்துக்காத ஆள் மீனை நிப்பாட்டணும் எண்டு இல்ல, மீன் ஒத்துக்காத ஆள் இறாலை நிப்பாட்டணும் எண்டும் இல்ல, ரெண்டும் சேந்து இருக்கவும் ஏலும், டெஸ்ட் பண்ணித்தான் தெரியும். ஒண்டு ஒத்துக்கல எண்டவுடன பிள்ளைக்குக் கடல்ல இருந்து வாற எல்லாத்தையும் வெட்டி விடுற வீடுகள் இருக்கு, இந்த ஊர்ல அது பெரிய தண்டனை, சத்துக்கும் நட்டம்.

சுறா, திருக்கை பற்றிக் கேப்பீங்க, பிள்ளை பெத்த வீட்டுல சுறாப்புட்டு இல்லாம நடக்குமா. இதுகள் குருத்தெலும்பு மீன், இதுகள்ட பார்வால்புமின் ஆல்ஃபா வகை, முள்ளு மீன்கள்ல அலர்ஜி தாறது பீட்டா வகை. முள்ளு மீன் அலர்ஜி உள்ள கனபேர் திருக்கையைத் தாங்கிக்கொண்டதா ஐரோப்பாவுல நடந்த ஆய்வு சொல்லுது. அதுக்காக "சுறா தானே, ஒண்டும் செய்யாது" எண்டு வீட்டுல குடுத்துப் பாக்கிறது முட்டாள் வேலை, ஆஸ்பத்திரியில டொக்டர் பக்கத்துல இருக்க கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கிற முறை இருக்கு, அதுதான் வழி. தோல்ல குத்திப் பாக்கிற டெஸ்ட்டுலயும் ஒரு விசயம் இருக்கு, கம்பனி தயாரிச்சு வாற சாரம் பெரும்பாலும் கொட், சமன் மாதிரிக் குளிர்க்கடல் மீன்ல இருந்து எடுத்தது, எங்கட ஆக்கள் திங்கிறது பாரையும் சாளையும். அதால சில டொக்டர்மார் நாங்க சாப்பிடுற மீன்லயே ஊசியைக் குத்திப்போட்டு அதே ஊசியாலத் தோல்ல குத்திப் பாப்பாங்க, கேட்டுப் பாக்கிறதுல பிழை இல்ல. கோழிக்கும் ஒரு பார்வால்புமின் இருக்கு, மீன் அலர்ஜி உள்ள ஒரு சிலருக்குக் கோழியும் ஒத்துக்காமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அபூர்வம்தான்.

உண்மையான அலர்ஜி உள்ள ஆளுக்கு இங்க ஆபத்து எங்க எண்டா, தட்டுல தெரியுற மீன்ல இல்ல, தெரியாததுல. மாசி ஊர்ப்பட்ட சம்பல்ல இருக்கு, சீனிச் சம்பல்ல இருக்கு, சில வீட்டுல பருப்புலயும் கீரையிலயும் போடுவாங்க, சைவம் எண்டு நினைச்சுக் கை வைப்பம். மாசி சூரையில செய்யுறது எண்டாலும் அதை நம்பி விளையாட ஏலாது. பின்னேரத்துல கடையில ரோல்ஸும் மீன் கட்லட்டும் மரக்கறி ரொட்டியும் போற எண்ணெய்ச் சட்டி ஒண்டுதான். மீன் வெட்டின கத்தி, அதே பலகை. சில பேருக்கு மீன் கொதிக்கிற ஆவி மூக்குல பட்டாலே இழுப்பு வரும், ஏனெண்டா அந்த ஆவியோட புரதமும் துணிக்கையா எழும்பும்.

மூச்சு இழுக்குது, குரல் கம்முது, தலை சுத்தி விழப் பாக்கிறார், திரும்பத் திரும்பச் சத்தி எண்டா அலர்ஜிக்குக் குடுக்கிற பிரிட்டோன் குளிசையைக் குடுத்துப்போட்டுக் காத்திருக்கிறதுதான் எங்கட பக்கத்துல நடக்கிற பெரிய பிழை. பிரிட்டோன் கடியைக் குறைக்கும், அவ்வளவுதான், விழுற பிரஷரைத் தூக்காது, அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அதுக்கு மருந்து அட்ரினலின், தொடைத் தசையில போடுறது, வளந்த ஆளுக்கு 0.5 மில்லிகிராம். ஆளைப் படுக்க வச்சுக் காலை உயத்தி, மூச்சு முட்டினா இருக்க வச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், எழுப்பி நடத்திக்கொண்டு போறது கூடாது. புல்மோட்டையிலயோ குச்சவெளியிலயோ இருக்கிற ஆள் திருகோணமலைக்கு வாற வரைக்கும் பாப்பம் எண்டு வெளிக்கிடாம, முதல்ல பக்கத்துல உள்ள ஆஸ்பத்திரியில ஊசியைப் போட்டுக்கொள்ளணும். ஒரு தரம் இப்பிடி வந்த ஆளுக்கு டொக்டர் என்ன திட்டம் எழுதித் தந்தார் எண்டது வீட்டுல உள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இவ்வளவும் மீனுக்குள்ள இருக்கிறதைப் பற்றி. எங்களுக்குள்ளயும் பார்வால்புமின் இருக்கு, ஆனா தசையில கிட்டத்தட்ட இல்லை, மூளையில இருக்கு. மற்ற நரம்புகளைக் கட்டுப்படுத்தி அடக்குற ஒரு வகை நரம்புக் கலம், மிக வேகமாச் சுடுறது, அதுக்குள்ளதான் இது நிறைய. அந்தக் கலங்கள் ஒழுங்கா வேலை செய்தாத்தான் மூளையோட மின்னலைகள் தாளத்தோட ஓடும். ஸ்கிட்சோஃப்ரினியா நோயால பாதிக்கப்பட்டு இறந்தவங்களுடைய மூளையோட முன்பக்கத்துல பார்வால்புமின் அளவு குறைஞ்சிருக்கிறதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்காங்க. குழந்தைகளுக்கு வாற ட்ராவே எண்ட கடுமையான வலிப்பு நோயிலயும் இந்தக் கலங்களோட சோடியம் வாசல் பழுதாகுறதுதான் முக்கியமான காரணம். புரதம் குறைஞ்சதால நோயா, நோயால புரதம் குறைஞ்சுதா எண்டது வேற கேள்வி, ஆனா பார்வால்புமினே இல்லாம வளத்த எலிகள் மற்ற எலிகளோட பழகுற விதத்துல ஓட்டிசத்தை ஞாபகப்படுத்துற மாற்றம் தெரிஞ்சுது. காதுக்குள்ளயும் எங்களுக்கு ஒரு பீட்டா வகை இருக்கு, ஒன்கொமொடுலின் எண்டு, அது இல்லாத எலிகளுக்கு வயசு போகப் போக காது கேக்காமப் போகுது.

இதயத்துக்கும் முயற்சி பண்ணினாங்க. இதயம் சுருங்குறது சரியா இருந்தும் தளர்றது பிந்துறதால மூச்சு முட்டுற நோயாளிகள் இருக்காங்க. மனுச இதயத்துல பார்வால்புமின் கிடையாது, அதோட மரபணுவை உள்ள போட்டா என்ன எண்டு அமெரிக்காவுல எலி இதயத்துல செய்து பாத்தாங்க, 2001லேயே தளர்வு வேகமாச்சு எண்டு எழுதினாங்க. மனுசருக்கு இன்னும் வரல.

2018ல சுவீடன்ல சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு ஆய்வு வந்தது, மீன் பார்வால்புமின் பார்க்கின்சன் நோயோட தொடர்புள்ள ஆல்ஃபா சினுக்ளின் எண்ட புரதத்தைப் பிடிச்சு, அது நாராகத் திரளாமத் தடுக்குது எண்டு. அது சோதனைக் குழாய்ல நடந்தது. செய்தியில வாறப்ப "மீன் சாப்பிட்டாப் பார்க்கின்சன் வராது" எண்ட மாதிரித் தலைப்பு ஆயிட்டுது, குழாய்க்கும் மூளைக்கும் இடையில உள்ள தூரத்தை யாரும் அளக்கல. மீன் சாப்பிடுங்க, நல்லது, ஆனா திண்ட பார்வால்புமின் நேரா உங்கட மூளைக் கலத்துக்குள்ள போய் இருக்கப்போறது இல்ல.

அலர்ஜிக்கு வைத்தியமா எதாவது வருமா எண்டா, எனக்கு நம்பிக்கை தாறது ஒரு விசயம், அதுவும் இந்தக் கல்சியத்துலதான் நிக்குது. கல்சியத்தை உருவி எடுத்தா பார்வால்புமின் தளர்ந்து உருக்குலையும், அப்ப ஐஜிஈ முன்ன மாதிரி ஒட்டாது. இதை வச்சு வியன்னா ஆய்வாளர்கள் கெண்டை மீன் பார்வால்புமினோட ரெண்டு கல்சியக் கையையும் மரபணுவுல வேணுமெண்டே உடைச்சு ஒரு புரதம் செய்தாங்க, 2007ல வெளியிட்டாங்க. அலர்ஜி உண்டாக்குற சக்தி மிகவும் குறைவு, ஆனா உடம்புக்கு அது மீன் புரதம் எண்டு அடையாளம் தெரியும், அதால ஊசியாக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி உடம்பைப் பழக்கலாம் எண்டது கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தோட காசுல அது மனுசர்ல பரிசோதனை வரைக்கும் போனது. ஆஸ்பத்திரியில எழுதித் தாற மருந்தா இன்னும் வரல.